எட்டு கோருக்கு முறை வைத்த விவரம்

புளியஞ்சேரி வடபாதி,
குடவாசல் தாலுகா.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

என் அன்புக்கும் ஆசிக்கும் உரிய மருமகள் செல்வி ஜீவிதாவுக்கு, உன் தாய்மாமன், இரண்டு ஆறு, பதினோரு வாய்க்கால், முப்பத்து நாலு ஷட்டர் ஆகியவற்றை முப்பத்தொரு வருடம் கைக்குள் வைத்து ஏற்றி இறக்கிய ஓய்வு பெற்ற லஸ்கர் கோ. ராஜராஜன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா மலர்கொடி சுகம், உன் கம்ப்யூட்டர் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். சென்னையில் நீயும் உன் பரீட்சையும் அதே போல இருக்க நம் ஊர் அய்யனாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் நாம் போனில் பத்து நிமிடம் பேசினோம். அதில் ஒன்பது நிமிடம் நீ பேசினாய், ஒரு நிமிடம் நான் மூச்சு விட்டேன். "மாமா, கணக்கு முடிஞ்சுது, ரிசல்ட்டை இங்கேருந்தே பார்த்தேன். தோப்புத்தெருவுல தண்ணி கணுக்கால் அளவுதான் காட்டுது. ஆனா அங்க பள்ளிக்கூடத்துச் சுவத்துல மூணரை அடியில வெள்ளம் நின்ன கோடு இருக்கு. எங்கயோ தப்பு" என்றாய். பிறகு, "அன்னிக்கு ஷட்டர் தெறந்த நேரம் உங்க நோட்டுல காலைல ஆறு மணின்னு இருக்கு. அது சரிதானே?" என்றாய். "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட" என்றேன். "அப்ப மெஷின்தான். அதை என்ன பண்ணீங்க?" என்றாய். "ஒண்ணும் பண்ணல கண்ணு, கொஞ்சம் வேகப்படுத்துனேன்" என்றேன். அதற்குப் பிறகு நீ என்னைத் திட்டி முடிப்பதற்குள் நம் வாசலில் மினி பஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, திரும்பி, குடவாசல் ரோட்டில் மறைந்தே போய்விட்டது. கடைசியாக, "என்னென்ன மாத்துனீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி நிலோஃபர் அக்காகிட்ட குடுங்க, அவங்க போட்டோ எடுத்து அனுப்புவாங்க. கதை வேண்டாம் மாமா, நடந்தது மட்டும்" என்றாய். கதை எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். ஆகவே நடந்தது மட்டும்.

விஷயத்தின் கனம் தெரியாதவன் இல்லை நான். வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். தோப்புத்தெருவுக்குத் தனி வடிகால் மதகு வேண்டும் என்கிற மனுவோடு உன் கணக்கும் போக வேண்டும். இந்தக் கூட்டத்தோடு இந்த வருடத்து வேலைப் பட்டியலை மூடுகிறார்கள். தவறினால் அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் இன்னொரு மழைக்காலத்தைப் பரண் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். நான் மாற்றியதால் கணக்கு கெட்டிருந்தால், மெஷினைப் பழையபடி வைத்து முதலிலிருந்து ஓட்ட எட்டு நாள் ஆகும், வெள்ளிக்கிழமை போச்சு என்றாய். கெடவில்லை என்றால், கணுக்கால் தண்ணீருக்கு எவன் மதகு கட்டுவான் என்றாய். இரண்டும் எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நான் ரிடையர் ஆன வருடத்துக் கார்த்திகை மழையைத்தான் நீ கம்ப்யூட்டருக்குள் மறுபடி பெய்ய வைத்திருக்கிறாய். அந்த மழையில், காலை ஆறு மணிக்கு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, நாலு ஆள் சேர்ந்து திருகுகிற வடிகால் ஷட்டரை ஒற்றை ஆளாகத் திருகி ஏற்றி ஊரைக் காப்பாற்றியவன் யார் என்பது இந்தத் தாலுகாவுக்கே தெரியும். (போன தடவை சொன்னபோது இடுப்பளவு என்று சொன்னதாக உன் அம்மா சொல்கிறாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது அல்லவா.) அதற்காகத்தான் ரிடையர்மெண்ட் அன்று எனக்குச் சால்வை போட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு சால்வை, எனக்கு இரண்டு. தோப்புத்தெருவுக்குள் மட்டும் ஏன் தண்ணீர் ஏறியது என்றால், மேலே ஆற்றில் அளவுக்கு மீறி விட்டார்கள் என்று அன்றிலிருந்து இன்றுவரை நான் ஒரே பேச்சாகச் சொல்லி வருகிறேன். அந்த நாளை நீ கணக்காகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைக்கப்போகிறாய் என்று கேட்டதும், அது குறித்த நாளில் முடிய வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் அவசரம் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறும்போது நீ மூன்று உத்தரவு போட்டாய். ஸ்க்ரீனைத் தொடக்கூடாது, சுவிட்சை அணைக்கக்கூடாது, மணிக்கு ஒரு தடவை அது தானாக சேவ் ஆகும் என்பதால் யாரும் பதறக்கூடாது. மூன்றாவதை நான் கடைசிவரை மீறவில்லை. நீ போன அரை மணியில் ஸ்க்ரீனைப் பார்த்தேன், தொடவில்லை, பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நாள் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கோ பத்தே நாள். பெட்டியின் மேல் கையை வைத்தேன், நெல் அவிக்கிற அண்டாவில் வைத்த மாதிரி இருந்தது. உடனே நிலோஃபருக்குப் போன் போட்டேன். நம் அப்துல் மஜீது மகள், குடவாசல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறதே, அந்தப் பெண். "ரொம்பச் சூடானா அது தன்னைக் காப்பாத்திக்கத் தானா வேகத்தைக் குறைச்சுக்கும் மாமா. உள்ள தூசி அடைச்சிருக்கும்" என்றாள்.

தூசி அடைக்காமல் என்ன செய்யும். இருபது நாளாக அறுவடை மெஷின் நம் வாசல் வழியாகத்தான் போகிறது, ரோடு முழுக்க நெல் காய்கிறது, சுணை பறந்து வந்து சாம்பாரில் விழுகிறது. மணி அடித்து சேவ் ஆனதும், முறைப்படி ஷட்டவுன் செய்து, கரண்ட் ஒயரை உருவி, பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். ஃபேனுக்கு அடியில் அலுமினியம் தகடு தகடாக நிற்கிறதே, அதற்குள் சுணையும் பதரும் சேர்ந்து மெத்தை தைத்து வைத்தது போல் இருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் கிளறி, சைக்கிள் பம்பால் ஊதினேன். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நிலோஃபர் சொல்லியிருந்தாள், பிடித்துக்கொண்டேன். ஒரு மரக்கால் தூசி வந்தது. ஒரு கைப்பிடி என்கிறாள் உன் அம்மா. யாருடைய கை என்று அவள் சொல்லவில்லை. மறுபடி ஆன் செய்ததும் பன்னிரண்டு நாள் என்பது ஏழு நாளாக இறங்கியது. ஆக நீ கேட்ட பட்டியலில் முதல் மாற்றம், தூசி. இதற்காக நீ என்னைத் திட்ட முடியாது.

ஏழு நாள் என்றால் அடுத்த செவ்வாய் சாயங்காலம். அறிக்கை எழுத மூன்று முழு நாள் வேண்டும் என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. அரை நாள் இடித்தது. நிலோஃபருக்கு மறுபடி போன் போட்டு, "ஏம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி தெறந்துவிட முடியாதா" என்றேன். "விடலாம் மாமா. மதர்போர்டு செட்டிங்குள்ள மல்டிப்ளையர்னு ஒரு எண் இருக்கு, அதைக் கூட்டுனா வேகம் கூடும். ஜீவிதா வாங்கியிருக்கற ப்ராசஸர் அதுக்கு ஒத்துக்கும். ஆனா கண்ணாபின்னான்னு ஏத்துனா கணக்கே தப்பா வரும். நீங்க தொடாதீங்க, நாளைக்குக் காலைல நான் வர்றேன். ஜீவிதாகிட்ட கேட்டுட்டீங்கல்ல?" என்றாள். கேட்டாச்சு என்றேன். மனசுக்குள் உன்னிடம் கேட்டேன், மனசுக்குள் நீயும் சரி என்றாய், அதை அவளுக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

ஒரு வேலை கண்ணுக்கு எதிரே கிடக்கும்போது நாளைக்கு என்று சும்மா உட்கார்ந்து என் உத்தியோகத்தில் பழக்கமில்லை. அன்று சாயங்காலமே உள்ளே போனேன். ஆன் செய்த உடனே டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்கிற இடம் திறக்கும். தஞ்சாவூரில் மூன்று நாள் கம்ப்யூட்டர் டிரெயினிங் எடுத்தவன் நான். அதில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை என்றாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளே ஒரு வரியில் 'ஆக்டிவ் கோர் 8' என்று இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு தலைப்பு மதகு, எட்டு வாய்க்கால். வருகிற தண்ணீர் ஒன்றுதான். எட்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் எட்டிலும் முழங்காலுக்குக் கீழேதான் ஓடும், கடைமடைக்கு ஒரு சொட்டு போகாது. நம் பக்கத்தில் பாசனத்துக்கும் முறை, வடிகாலுக்கும் முறை. முறை வைத்தால்தான் யாருக்காவது முழுசாகக் கிடைக்கும். இது தெரியாத யாரோ எட்டையும் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஆறு கோரை மூடி, இரண்டை மட்டும் திறந்து, அந்த இரண்டுக்கும் மல்டிப்ளையரை 36-லிருந்து 48-க்கு ஏற்றினேன். அப்படித்தான் போகணும் தண்ணி. பாய்ந்துகொண்டு போனது. சூடே இல்லை. 4.8 என்று ஸ்க்ரீனில் வந்தது, உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு ஒரு முறைப் பட்டியல் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஒன்று, இரண்டு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மூன்று, நாலு. இப்படியே எட்டு வரை, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. உன் அம்மா வந்து அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏண்ணே, பொட்டிக்குள்ள எட்டு பேரும் மம்பட்டியோட நிக்கறாங்களா?" என்றாள். படிக்காதவள் என்று விட்டுவிட்டேன். அவள் பத்தாவது, நான் எட்டாவது, ஆனாலும் அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து முறை மாற்றப் போனால், எத்தனை கோர் என்றுதான் பயாஸ் கேட்கிறதே தவிர எந்தெந்தக் கோர் என்று கேட்கவேயில்லை. இரண்டு என்று மறுபடி அழுத்திவிட்டு, இப்போது ஓடுவது மூன்றும் நாலும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஸ்க்ரீன் இருபத்தாறு நாள் என்றது. காய்ந்த வாய்க்கால் முதல் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் முன்னே விடும், பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன்.

ஒன்பது மணிக்கு நிலோஃபர் ஸ்கூட்டியில் வந்தாள். வந்தவள் ஸ்க்ரீனைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"என்ன மாமா இது?"

"முறை."

"யாருக்கு?"

"கோருக்கு."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, உன் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "மாமா, இதுல யாரும் யாருக்கும் தண்ணி விட்டுக்குடுக்க வேண்டியதில்லை. எட்டு பேருக்கும் தனித்தனியா இருக்கு. நம்ம ஜீவிதா கணக்கு ஊரை எட்டுத் துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணா குடுத்திருக்கு. எட்டும் ஒரே நேரத்துல நடக்கணும். நீங்க ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு, ரெண்டு பேரை மட்டும் எட்டு பேர் வேலையும் பார்க்கச் சொல்லி ஓட ஓட வெரட்டிக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப முறையே வேணாங்கறியா?"

"ஒருத்தர் காத்திருந்தா எல்லாரும் காத்திருப்பாங்க மாமா. அவ்வளவுதான்."

அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது, சிரிக்கவில்லை. உன் அம்மாதான் அடுப்படியில் போய்ச் சிரித்தாள்.

இனி நீ கேட்ட பட்டியல். இதை ஜாக்கிரதையாகப் படி, இங்கேதான் உன் சந்தேகம். முதலில் நிலோஃபர் பயாஸில் எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பினாள், என் முறையெல்லாம் போனது. எட்டு கோரும் திறந்தது. ராம் என்கிற மெமரி பக்கமே போகவில்லை. அதில் கை வைத்தால் மெஷின் நிற்காமலே தப்புக் கணக்குச் சொல்லும், நமக்கே தெரியாது என்றாள். வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் அது பயந்துகொண்டு தேவைக்கு மேல் கொடுக்கும் என்று 1.25-ல் நிறுத்தினாள், அதற்கு மேல் கடைசிவரை ஏற்றவில்லை. பிறகு மல்டிப்ளையர். 36-லிருந்து 38. பத்து நிமிடம் எட்டு கோரையும் முழு வேலை வாங்குகிற சோதனை, சூடு எத்தனை, எழுது. பிறகு 40. பத்து நிமிடம், எழுது. 41, 42, 43 என்று ஒவ்வொரு படியாக. இந்த முறையை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவள் செய்யச் செய்ய நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். முப்பத்தொரு வருடம் நான் செய்தது இதுதான். ஷட்டரை ஒரு திருகு ஏற்று, ஒரு பீடி பிடிக்கிற நேரம் கரையைப் பார், எங்கேயாவது கசிகிறதா பார், கசியாவிட்டால் அடுத்த திருகு. 44 நின்றது. 45 போட்டதும் ஸ்க்ரீன் நீலமாகி மெஷின் தானாக அணைந்து எழுந்தது. நான் நிதானமாக இருந்தேன். மெயின் சுவிட்சைப் பார்த்து நான் ஓடியதாகவும் வழியில் மோர்ப்பானையைத் தட்டிவிட்டதாகவும் உன் அம்மா சொன்னால், பானை ஏற்கெனவே விரிசல் என்பதை அவளிடமே கேள்.

வோல்டேஜைக் கூட்டினால் 45-ம் நிற்கும்தானே என்று கேட்டேன். "நிக்கும் மாமா, ஆனா எதுக்கு? விளிம்புல நிக்கற மெஷின் காலைல சரியா இருக்கும், மத்தியான வெயில்ல தடுமாறும்" என்று சொல்லி, நின்ற 44-ஐயும் விட்டு 43-க்கு இறக்கினாள். எனக்கு அந்த இடத்தில் அந்தப் பெண் மேல் மரியாதை வந்தது. கரை எந்த மட்டத்தில் உடையும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு அடி கீழே தண்ணீரை நிறுத்துகிற லஸ்கர்கள் இந்த ஜில்லாவில் என்னைச் சேர்த்து இரண்டு பேர்தான் இருந்தோம், இப்போது மூன்று. 43-ல் இரண்டு மணி நேரம் விடாமல் சோதனை. சூடு 76 டிகிரிக்கு மேல் போகவில்லை. மதியம் ஒரு மணிக்கு உன் கணக்கை, கடைசியாக சேவ் ஆன இடத்திலிருந்து தொடர்ந்து ஓட விட்டோம். இன்று காலை எட்டு மணிக்கு முடிந்தது. நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் பெரிய சாட்சி. நீ காலையில் போனை வைத்த பிறகு நிலோஃபர் மறுபடி வந்தாள். உன் சாஃப்ட்வேரோடு கூடவே ஒரு மாதிரிக் கணக்கு வருகிறதாமே, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கு, அதை 43-ல் ஒரு தடவை ஓட்டினாள். பிறகு மெஷினைப் பழைய 36-க்கு இறக்கி இன்னொரு தடவை ஓட்டினாள். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். புள்ளிக்குப் பிறகு பதினொரு எண், பதினொன்றும் ஒன்றே. புத்தகத்தில் இருக்கிற விடையும் அதே. "மெஷின் சுத்தமா இருக்கு மாமா. தப்பு வெளியிலிருந்துதான் வந்திருக்கணும்" என்றாள். மறுபடி 43-க்கு ஏற்றிவிட்டு, மெஷினை அப்படியே ஆனில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆகவே, மருமகளே, நான் செய்த எந்த மாற்றத்தாலும் உன் கணக்கு கெடவில்லை என்று இதன் மூலம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கு நடுவில் அம்சம் வந்துவிட்டுப் போனாள். தோப்புத்தெருவில் முதல் வீடு, மனுவில் முதல் கையெழுத்து அவளுடையதுதானே. அந்த வெள்ளத்தில் மேற்குச் சுவர் விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் தார்ப்பாய்தான். ஒரு வாரமாகத் தினம் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வந்து ஸ்க்ரீனைப் பார்ப்பாள். இன்றைக்கு நிலோஃபர் அவளுக்குப் படத்தைக் காட்டி, "இதாங்க உங்க வீடு, தண்ணி இவ்ளோதான் காட்டுது" என்று கணுக்காலைத் தொட்டுச் சொன்னாள். அம்சம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப எங்க சன்னலு மட்டத்துக்கு நின்னது என்னவாம்? நாங்களே கொடத்துல மோந்து ஊத்திக்கிட்டமா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்கதான் அன்னிக்கு அங்க நின்னவுக. நீங்களே சொல்லுங்க, எவ்ளோ தண்ணி வந்துச்சு?" என்றாள். "நெறைய வந்துச்சு தங்கச்சி" என்றேன். "அதைப் பொட்டிகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆக, மெஷின் மேல் தப்பில்லை, என் நோட்டின் மேலும் தப்பில்லை என்றால், பாக்கி இருப்பது பள்ளிக்கூடத்துச் சுவர்தான். அந்தச் சுவர் ஈர மண்ணில் நிற்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு அது மூன்று அடி மேலே எழும்பியிருக்கலாம். அல்லது வெள்ளையடித்தவர்கள் கோட்டை உயரத்தில் போட்டிருக்கலாம். அன்றைக்கு அலை அடித்திருக்கலாம். நாகப்பட்டினத்தில் கடல் எத்தனை உயரம் அடிக்கிறது, நாம் அங்கிருந்து எத்தனை தூரம். இதையெல்லாம் உன் அறிக்கையில் ஒரு பக்கத்துக்குத் தெளிவாக எழுதினால் பெரிய அதிகாரிகள் புரிந்துகொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம். மேற்படி விவரங்கள் அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அம்மா கொடுத்துவிட்ட வடகத்தை வெயிலில் வை. நல்லபடி பரீட்சை எழுதி, நல்ல பெயரெடுத்து, நீ திறக்கிற ஷட்டரெல்லாம் இழுபடாமல் திறக்க, உன் மாமன் இரண்டு கையும் உன் தலைமேல் வைத்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
கோ. ராஜராஜன்,
லஸ்கர் (ஓய்வு).

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு நிலோஃபருக்காகக் காத்திருந்தேன். அவள் கடையைப் பூட்டிவிட்டு வர நேரமாகும் என்றாள். காத்திருக்கிற நேரத்தில் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சுவரைப் பற்றிய பத்தியை அடித்துவிடு. சுவர் எழும்பாது.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்குத் திற என்று எனக்குப் போனில் உத்தரவு வந்தது நிஜம். நோட்டில் ஆறு என்று எழுதியதும் நிஜம். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வடிகால் மேலப்பாதி ஊர்க்காரர்களுக்கு முறை. இரண்டு ஊர்த் தண்ணீரும் ஒரே வடிகாலில் ஒன்றாக விழக்கூடாது, பன்னிரண்டுக்குப் பிறகுதான் நமக்கு என்று இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி வைத்தது. முப்பத்தொரு வருடம் நான் ஒரு நாள்கூட முறை தவறியதில்லை, அன்றைக்கும் தவறவில்லை. ஷட்டர் பக்கத்தில் மேட்டில் குடை பிடித்துக்கொண்டு, கையில் திருகுகோலை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆகட்டும் என்று நின்றேன். மார்பளவும் இல்லை, இடுப்பளவும் இல்லை. என் கால் நனையவில்லை. உத்தரவை நோட்டில் எழுதினேன், முறையை ஷட்டரில் நடத்தினேன். இரண்டும் சரியென்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு நான் திருகும்போது தோப்புத்தெரு சன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது.

மெஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் ஜீவிதா, நான்தான் ஏற்றிக் கெடுத்துவிட்டேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும், நீ திட்டுவாய், ஊர் ஒரு வாரம் சிரிக்கும், முடிந்துவிடும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, அந்த மெஷினை நாங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக ஏற்றினோம் என்பதுதான் கையில் வந்தது. புள்ளிக்குப் பிறகு பதினொரு எண் சரியாகச் சொன்ன ஒன்றைத் தப்பு சொல்கிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆறு மணிக்குத் திறந்திருந்தால் தோப்புத்தெருவில் கணுக்கால் தண்ணீர்தான். அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நீ செய்ய வேண்டியது. ஷட்டர் நேரத்தில் ஆறு என்று இருப்பதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு போடு. முதலிலிருந்து ஓட்ட வேண்டாம், அந்த நாளுக்கு முன்பு சேவ் ஆகியிருக்கிற இடத்திலிருந்து தொடங்கினால் போதும், 43-ல் இரண்டு நாள் ஆகும் என்று நிலோஃபர் போனில் சொன்னாள், வியாழக்கிழமை சாயங்காலம் முடிந்துவிடும். தனி மதகு இருந்தால் என்ன ஆகும் என்கிற கணக்கையும் கூடவே ஓட்டு, இரண்டு நாள் என்று அவள் சொன்னது இரண்டையும் சேர்த்துத்தான். அது இருந்தால் தோப்புத்தெரு யாருடைய முறைக்கும் காத்திருக்க வேண்டாம். அறிக்கையை இன்றைக்கே எழுத ஆரம்பித்துவிடு, எண்களுக்கு மட்டும் இடம் விடு. நேரம் ஏன் மாறியது என்று கேட்டால், சம்பந்தப்பட்ட லஸ்கர் எழுதிக் கொடுத்தார் என்று இந்தக் காகிதத்தையே சேர்த்துக்கொடு. வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன், கேட்டால் நின்று சொல்கிறேன். நான் மெஷின் பக்கம் போக மாட்டேன், பட்டனைத் தட்டுவதெல்லாம் நிலோஃபர்தான். முறைப் பட்டியலையும் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன்.

இதை உனக்கு எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அம்சம் வேலையிலிருந்து திரும்பியிருப்பாள், அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். அவள் வீடு இங்கிருந்து ஐந்து நிமிட நடை. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிறது, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது காலில்தான் இருக்கிறது என்கிறாள்.